அரிக்காத கால்

ஆடி மழை இறங்கிவிட்டால் எங்கள் எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையில், சாயங்கால வேளையில் ஒரே காட்சிதான். கொழுந்து பறித்துவிட்டு வந்த பெண்கள் எல்லோரும் அவரவர் வாசலில் வரிசையாக உட்கார்ந்து காலைச் சொறிந்துகொண்டிருப்பார்கள். அட்டை கடிக்கிறபோது யாருக்கும் பெரிதாகத் தெரியாது. அது ரத்தம் குடித்து உருண்டு திரண்டு தானாக விழுந்துவிடும். பின்னால் வருகிற அரிப்புதான் ஆளைக் கொல்லும். நாள் கணக்கில் விடாது. ஒருத்தி உப்புத் தண்ணீரில் காலை ஊற வைத்திருப்பாள், ஒருத்தி சீப்பை வைத்துத் தேய்த்துக்கொண்டிருப்பாள், இன்னொருத்தி அட்டையைப் படைத்தவனைத் திட்டிக்கொண்டிருப்பாள். அந்த வரிசையின் கடைசி வாசலில் என் அத்தை, அப்பாவின் அக்கா, இரண்டு காலையும் நீட்டிப் போட்டுக்கொண்டு சாவகாசமாகப் பால் விடாத கட்டன் சாயா குடித்துக்கொண்டிருப்பாள். அவள் சொறியமாட்டாள். அவளுக்கு அரிக்காது. மற்றவர்கள் படுகிற பாட்டைப் பார்த்து உதட்டோரம் ஒரு சிரிப்பு வேறு. அதை நினைத்தால் எனக்கு முதலில் சிரிப்புத்தான் வருகிறது. அடுத்த கணம் அந்தச் சிரிப்பு நின்றுவிடுகிறது.

நான் தேவிகுளத்தில் ஜீப் ஓட்டுகிறவன். சுற்றுலா வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு தேயிலைச் சரிவுகளைக் காட்டுவது தொழில். அவர்கள் இறங்கி நின்று படம் எடுத்துக்கொள்கிற அந்தச் சரிவுகளில்தான் அத்தை தன் ஆயுசில் பாதிக்கு மேல் நின்றிருக்கிறாள். மாமா ஃபேக்டரியில் இலை உலர்த்துகிற பகுதியில் இருந்து ஓய்வு பெற்றுவிட்டார். ஒரே மகளைக் கம்பம் பக்கம் கட்டிக் கொடுத்தாயிற்று. அவர்கள் இருந்த லயத்து வீடு அத்தையின் வேலையை வைத்துத்தான் நின்றது. எஸ்டேட்டில் வேலை இருக்கும்வரை வீடு. வேலை போனால் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான். மலையை விட்டு இறங்கினால் போய் இருக்க அவர்களுக்கு ஓர் ஊரும் இல்லை. ஆக, அந்த வீட்டின் கூரையைத் தாங்கியிருந்தது அத்தையின் இரண்டு கால்கள் என்று சொன்னால் அது அலங்காரப் பேச்சு ஆகாது.

அத்தைக்குச் சர்க்கரை இருப்பதாக டிஸ்பென்சரியில் சொன்னபோது லயமே நம்பவில்லை. சர்க்கரை என்றால் தொந்தியும் தொப்பையுமாக நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு வருவது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். அத்தையோ, கொழுந்துக் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு எதிரே வந்தால் கூடைக்குக் கால் முளைத்து வருகிற மாதிரி இருப்பாள். அவ்வளவு ஒல்லி. "நாம என்ன பங்களாக்காரங்களா, நமக்கு எப்பிடி வரும்?" என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் காரணத்தை அவளே கண்டுபிடித்துவிட்டாள். தேயிலைக் காட்டில் குளிருக்கு இதமாக வெல்லம் போட்டுச் சாயா குடித்ததுதான் குற்றம். மாத்திரை கொடுத்து, சோற்றைக் குறைக்கச் சொல்லியிருந்தார்கள். அவள் சோற்றைக் குறைத்தாள், தோசையை விட்டாள், கிழங்கை விட்டாள், மகள் ஊரிலிருந்து வாழைப்பழம் கொண்டுவந்தால் அதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஏற்கெனவே ஒல்லியாக இருந்தவள் இன்னும் வற்றிப் போனாள். எங்கள் வீட்டில் விசேஷம் என்று கூப்பிட்டால் பந்திக்கு வராமல் பின்கட்டில் பாத்திரம் கழுவப் போய்விடுவாள். தின்று தேடிக்கொண்ட வியாதி என்ற வெட்கம் அவளுக்கு.

மாத்திரையோடு நிறுத்தியிருந்தால் சரி. யாரோ சிறியாநங்கையைச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்த இலையின் கசப்பைத் தின்றவர்களுக்குத்தான் தெரியும். நாக்கில் பட்டால் மறுநாள்வரை சாயாவும் கசக்கும். அதை நாள் தவறாமல் தின்றவர்களுக்குப் பாம்பு கடித்தாலும் விஷம் ஏறாது, ரத்தமே கசந்துபோயிருக்கும் என்று ஒரு நம்பிக்கை எங்கள் பக்கத்தில் உண்டு. அத்தை வீட்டுக்குப் பின்னால் பாத்தி கட்டி அதை வளர்த்து, தினமும் காலையில் வெறும் வயிற்றில் அரைத்து விழுங்கினாள். முகம் சுளிக்காமல் விழுங்கினாள் என்பதுதான் ஆச்சரியம். மாமாவுக்கு அதைப் பார்த்தாலே வாய் கோணிக்கொள்ளும்.

அப்படி ஒன்றிரண்டு மழைக்காலம் போன பிறகுதான் அந்த அதிசயம் நடந்தது. அட்டை கடித்த இடத்தில் அவளுக்கு அரிக்கவில்லை. கடிப்பது என்னவோ கடித்தது. காலைத் திருப்பினால் விரலிடுக்கில் தொங்கும், பிடுங்கி எறிவாள், ரத்தம் வழியும், அவ்வளவுதான். அரிப்பு மட்டும் கிடையாது. அத்தை இதை நன்றாக யோசித்து ஒரு முடிவுக்கு வந்தாள். அட்டை விஷம் தனக்கு ஏறவில்லை. ஏறவில்லை என்றால் ரத்தம் கசந்துவிட்டது. ரத்தம் கசந்துவிட்டால் அதில் சர்க்கரை எங்கிருந்து இருக்கும்? போயே போய்விட்டது. இந்தக் கணக்கில் பிழை கண்டுபிடிக்க எங்கள் லயத்தில் ஒருவராலும் முடியவில்லை. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அத்தை மாத்திரையை நிறுத்திவிட்டாள்.

அதன்பிறகு அவளுக்குக் காட்டில் மதிப்பு கூடிவிட்டது. ஓடையை ஒட்டிய தேயிலை நிரைகள் என்றால் எந்தப் பெண்ணும் முகம் சுளிப்பாள். சொதசொதவென்று இருக்கும், அட்டை மொய்க்கும். புகையிலையும் சுண்ணாம்பும் குழைத்து முழங்கால்வரை பூசிக்கொண்டுதான் இறங்குவார்கள். அந்தச் சுண்ணாம்பு பழைய காயத்தில் பட்டால் அது வேறு எரியும். அத்தை ஒன்றும் பூசாமல் இறங்குவாள். "ஓடப்பக்கம் எனக்குப் போடுங்க" என்று சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்குவாள். யாருக்கும் சளைக்காதவள் என்ற பெயர் அவளுக்கு வேண்டியிருந்தது. தின்று வியாதியை வரவழைத்தவள் என்ற பெயரை அது துடைத்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண்கள் சிறியாநங்கை நாற்று கேட்டு வந்தார்கள். அவள் தாராளமாகப் பிடுங்கிக் கொடுத்தாள். ஒரு மழைக்காலம் முழுவதும் எங்கள் லயத்தில் காலை நேரத்தில் எல்லார் முகமும் கோணலாக இருந்தது. ஆனாலும் அத்தையைத் தவிர ஒருத்திக்கும் அரிப்பு நிற்கவில்லை. "விசுவாசமாக் குடிக்கணும்டி" என்று அத்தை அவர்களைக் கடிந்துகொண்டாள்.

இரண்டு வருடத்துக்கு முன் மழை விட்ட சமயத்தில் கீழேயிருந்து டாக்டர்கள் சிலர் எங்கள் எஸ்டேட்டுக்கு வந்தார்கள். மருந்து கொடுக்க வந்தவர்கள் இல்லை, ஆராய்ச்சிக்கு வந்தவர்கள். உடம்பில் சதையே இல்லாத உழைப்பாளிகளுக்கு ஏன் சர்க்கரை வருகிறது என்று பார்க்கிறார்களாம். அவர்களை லயம் லயமாகக் கொண்டு விட என் ஜீப்பைத்தான் பிடித்தார்கள். எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் பெஞ்சு போட்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். அத்தை வரமாட்டேன் என்றாள். தனக்குத்தான் போய்விட்டதே, பிறகென்ன பார்ப்பது என்பது அவள் வாதம். "போயிருச்சுன்னு அவங்க வாயால சொல்லட்டும் அத்த, ஊரே கேக்கட்டும்" என்று நான் ஏற்றிவிட்டேன். அது வேலை செய்தது. நல்ல சேலையாக உடுத்திக்கொண்டு வந்தாள்.

மலையாளத்து இளம் பெண் டாக்டர் ஒருத்தி. தமிழை மலையாளத்தில் நனைத்துப் பேசினாள். முதலில் ரத்தம் எடுத்தாள், பிறகு கேள்விகள். சின்ன வயதில் பட்டினி கிடந்ததுண்டா என்று கேட்டாள். அத்தைக்கு ஒரே சிரிப்பு. அவள் இந்த எஸ்டேட்டிலேயே பிறந்தவள். அப்போது குழந்தைகள் காப்பகத்தில் ஐந்து வயதுவரைதான் வைத்துக்கொள்வார்கள். மதியம் உப்புமா கிடைக்கும். "எங்கம்மா எனக்கு அஞ்சு வயசுன்னே ரொம்ப காலம் சொல்லிட்டிருந்தா. அந்த உப்புமாவ விட்டா அன்னைக்கி வேற இல்ல பாருங்க. நானும் வளராமக் கெடந்தேனா, ஆயாவும் நம்பிட்டா. வசதியாப் போச்சு." சொல்லிவிட்டு அத்தை கெக்கெக்கென்று சிரித்தாள். டாக்டர் சிரிக்கவில்லை. அந்த உப்புமாக் கதையை ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டாள்.

அடுத்து கால். ஒரு கைப்பிடியில் மீன் தூண்டில் நரம்பு மாதிரி மெல்லிய நைலான் இழை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. "அம்மே, கண்ண அடைச்சுக்கோ. இது காலுல தொடும்போ சொன்னா மதி, அது போதும்" என்றாள். அத்தை கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். டாக்டர் பெருவிரலில் தொட்டாள். இழை வளைந்தது. அத்தை பேசாமல் இருந்தாள். பாதத்தின் நடுவில், பக்கவாட்டில், மற்ற விரல்களின் நுனியில் என்று ஒவ்வோர் இடமாகத் தொட்டுக்கொண்டே போனாள். பிறகு மற்ற கால். நான் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்று அந்த இழை வளைவதையும் நிமிர்வதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். என் உள்ளங்கால் கூசியது. அத்தையின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. கடைசியில் அவளே கேட்டாள்: "எப்பம்மா தொடப் போறீங்க? எம்புட்டு நேரம் கண்ண மூடிட்டே இருக்கது?"

"தொட்டு முடிஞ்சல்லோ அம்மே" என்றாள் டாக்டர்.

அத்தை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். டாக்டர் விளையாடுகிறாளா என்று என்னிடம் கேட்கிற பார்வை. தொட்டாயிற்று என்று நான் தலையை ஆட்டினேன். அதற்குள் டாக்டர் அவள் வலது காலைத் தூக்கி உள்ளங்காலைத் திருப்பிவிட்டாள். பெருவிரலுக்குக் கீழே மேட்டில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத் தோல் கறுத்து, ஓரம் வெளுத்து, நடுவில் ஒரு குழி. குழிக்குள் கவாத்து வெட்டின தேயிலைக் குச்சியின் முனை ஒன்று ஒடிந்து உட்கார்ந்திருந்தது. செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறியிருக்க வேண்டும். எப்போது ஏறியது என்று யாருக்குத் தெரியும்? அத்தை அதன்மேல் நின்றுதான் கொழுந்து பறித்தாள், அதன்மேல் நடந்துதான் கூடை சுமந்தாள், அன்றைக்கு நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்ததும் அதன்மேல் நடந்துதான்.

அந்த நிலைமையிலும் அத்தை தன் வாதத்தை விடவில்லை. தன்னை அட்டை கடித்தால்கூட அரிக்காது, அது சிறியாநங்கை ரத்தம், விஷம் ஏறாது என்று டாக்டருக்கு விளக்கினாள். குரலில்தான் பழைய மிடுக்கு இல்லை. டாக்டர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். "அட்டைக்கு ஒரு கொறவும் இல்ல அம்மே. அதோட வெசமும் ஏறுது. காலுக்குத்தான் அறியல்ல" என்றாள். சர்க்கரை கூடிக் கூடி காலின் நரம்புகள் சேதி கொண்டுபோகிற வேலையை நிறுத்திவிட்டன. அரிப்பு, எரிச்சல், குச்சி குத்துகிற வலி எல்லாம் அங்கேயே நின்றுவிட்டன. நாங்கள் ஊர் கூடிக் கொண்டாடியது அந்த நரம்புகளின் சாவைத்தான்.

மேல் லயத்தில் ஒருவருக்கு இப்படித்தான் காலில் ஆரம்பித்தது. முதலில் விரலை எடுத்தார்கள், அப்புறம் பாதத்தை, அப்புறம் முழங்காலுக்குக் கீழே. சாமான்களை ஏற்றிக்கொண்டு அந்தக் குடும்பம் போடிமெட்டு வழியாக இறங்கிப் போனதை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். தங்கள் ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுவரச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்தாள். மறுநாள் காலையில் அத்தையை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு பள்ளிவாசல் தாண்டி அடிமாலி இறக்கத்தில் போகும்போது மூன்று பேர் மனதிலும் அந்தக் குடும்பம்தான் ஓடியது. மாமா பின் சீட்டில் ஒரு போர்வையைச் சுருட்டி அத்தையின் காலுக்கு அண்டை கொடுத்துப் பிடித்துக்கொண்டே வந்தார். வளைவுகளில் ஜீப் குலுங்கும்போதெல்லாம் "மெதுவாப் போடே" என்று என்னை அதட்டினார். வலிக்கிற அவரையல்லவா குலுக்குகிறேன் என்பது மாதிரி இருந்தது. வலி இல்லாதவளுக்கும் சேர்த்து அவருக்குத்தான் வலித்தது.

கீழே பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். அழுகல் எலும்புவரை போயிருந்தால் விரலோடு நிற்காது என்று முன்னாலேயே சொல்லியிருந்தார்கள். படம் வருகிறவரை மாமா வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தார். அந்த டாக்டர்தான் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். எலும்பைத் தொடவில்லை என்றாள். மாமா சட்டென்று தரையில் உட்கார்ந்துவிட்டார். மயக்கமோ என்று நான் ஓடினேன். இல்லை, நிற்பதற்கு இனி அவசியமில்லை என்பது மாதிரி உட்கார்ந்திருந்தார். கால் போகாது. கால் போகாது என்றால் வீடு போகாது. நான் வெளியே போய்க் குழாயில் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

குச்சியை எடுத்து, அழுகியதைச் சுரண்டி, காயத்தின்மேல் பாரம் விழாதபடி காலுக்கு ஒரு மாவுக் கட்டுப் போட்டார்கள். ஊசி மருந்தாக இன்சுலின், அதுவும் கொஞ்சம்போல. பிறகு ஒருநாள் அந்த டாக்டர் அத்தையின் கட்டிலில் உட்கார்ந்து சொன்னதை நான் மறக்கமாட்டேன். சர்க்கரையில் இன்னின்ன வகை என்று வைத்தியப் புத்தகங்களில் இருக்கிறது. அத்தை மாதிரி ஆட்கள் அந்த எதிலும் சரியாகப் பொருந்துவதில்லை. வளர்கிற வயதில் வயிறு காய்ந்தவர்களுக்கு, இன்சுலின் சுரக்கிற உறுப்பே தேவைக்கு வளராமல் போய்விடலாம். சதை போடாமலே சர்க்கரை வருவது அதனால் இருக்கலாம். இப்போது உலகத்தில் பல இடங்களில் இதைத் தனி வகையாக வைத்து ஆராய்கிறார்கள். முழுக்கத் தெரிந்துவிட்டது என்று சொல்ல முடியாது, டாக்டர்களுக்குள்ளேயே வாதம் நடக்கிறது. ஆனால் ஒன்று, இப்படிப்பட்டவர்கள் பட்டினி கிடக்கக் கூடாது.

அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்ப நான் தின்னு வரலையா?"

"இல்ல அம்மே."

"திங்காமப் போயித்தான் வந்துச்சா?"

"அப்பிடித்தான் ஞங்க சம்சயப்படுறோம்."

அத்தை சொன்னாள்: "இது தெரியாம எத்தன வருசமா ஒரு தோசைக்குப் பயந்து செத்தேன்." மதியம் சாப்பாட்டுத் தட்டில் சோறும் பயறும் மீனும் ஒரு முட்டையும் வந்தன. அத்தை முட்டையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள். திங்கலாமா என்று கேட்கிற பார்வை. "தின்னுளா" என்றார் மாமா. அவள் தின்றாள். அவள் வெட்கப்படாமல் சாப்பிட்டு நான் பார்த்தது எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான். மருந்தைவிட அந்த ஒரு வார்த்தைக்காகவே அந்த ஆராய்ச்சிக்காரர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம் என்று தோன்றியது.

கட்டுப் பிரித்தபோது காயம் ஆறியிருந்தது. நரம்பு மட்டும் திரும்பாது, செத்த இடம் செத்ததுதான், இனி இந்தக் காலுக்குக் கண்தான் காவல் என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டில் ஒருவர் தினமும் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். வீட்டில் இருப்பது மாமா ஒருவர்தான். அத்தை முடியவே முடியாது என்றாள். கட்டினவன் மடியில் காலைத் தூக்கி வைப்பதா, அதைவிட இந்தக் கால் போனாலும் பரவாயில்லை என்று பிடிவாதம். மாமாவோ வீட்டில் ஒரு தண்ணீர்க் குடம் தூக்கியறியாத மனிதர். அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசலில் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்தார். "கால வைக்கியா, இல்ல நானே ஆபீசுல போயி வீட்டுச் சாவியக் குடுத்துட்டு வரட்டுமா?" என்றார். அத்தை சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு காலை நீட்டினாள். லயமே வேடிக்கை பார்த்தது. "அண்ணாச்சி, அப்பிடியே கொஞ்சம் மருதாணியும் வச்சு விடுங்க" என்று எதிர்வீட்டுப் பெண் ஒருத்தி கத்தினாள். மாமா தலை நிமிரவில்லை. டார்ச் அடித்து விரல் விரலாகப் பிரித்துப் பார்த்தார். கேலி செய்தவர்கள் சில வாரத்தில் அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள். அப்புறம் கேலி செய்தவளின் புருஷனே ஒருநாள் தன் காலைப் பார்க்கச் சொல்லி வந்து உட்கார்ந்தான்.

அத்தைக்கு இப்போது எஸ்டேட்டின் தேயிலை நாற்று மேடையில் உட்கார்ந்து செய்கிற வேலை. ஊசி போட்டுக்கொள்கிறாள், வேளைக்குச் சாப்பிடுகிறாள், கன்னத்தில் லேசாகச் சதை பிடித்திருக்கிறது. வீடு அதே வீடுதான். போன மாதம் மறு பரிசோதனைக்கு மூன்று பேரும் கீழே போயிருந்தோம். அதே டாக்டர். காலைப் பார்த்துவிட்டு, யார் இதைத் தினமும் கவனிக்கிறது, எப்படிப் பார்க்கிறீர்கள், காட்டுங்கள் என்றாள். அறையில் இன்னும் நாலைந்து பயிற்சி டாக்டர்கள் நின்றிருந்தார்கள். மாமா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மடியைத் தட்டினார். அத்தை ஒருமுறை சுற்றிலும் பார்த்துவிட்டுக் காலைத் தூக்கி வைத்தாள். மாமா பாடம் ஒப்பிப்பதுபோல் ஆரம்பித்தார். பெருவிரல் நகம் ஓரத்தில் வெட்டக் கூடாது, குதிகாலில் இந்த வெடிப்புக்கு எண்ணெய் போட்டால் அடங்கிவிடும், பழைய காயத்து இடம் இது, தோல் தடித்தால் சொல்ல வேண்டும், சுண்டுவிரலுக்கு அடியில் தெரிவது காயமில்லை, மச்சம், பயப்பட வேண்டாம்.

"மச்சமா? எனக்கா?" என்றாள் அத்தை.

"ஆமா. நல்ல மொளகு கணக்கா இருக்கு."

"இத்தன வருசமா நீங்க சொல்லவே இல்லையே."

"இத்தன வருசமா நீ காட்டவே இல்லையே" என்றார் மாமா.

பயிற்சி டாக்டர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தப் பெண் டாக்டரும் சிரித்துக்கொண்டே எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆறு மாதம் கழித்து வந்தால் போதும் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னாள். மாமா கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டார். அத்தை காலை அவர் மடியிலிருந்து எடுக்கவில்லை.